மைதானத்தில் இல்லாதவர்கள்

1

லண்டனில் எங்கள் ஊர்க்காரர் நடத்துகிற ஒன்றியத்தின் ஆண்டு விழா அழைப்பிதழ் குசினி மேசையில் கிடக்கிறது. அதில் என் பெயருக்கு முன்னால் "ஆய்வாளர்" என்று அச்சடித்திருக்கிறார்கள். போன வருடம் வரை அதே அழைப்பிதழில் "சிற்றுண்டி உதவி" என்ற பகுதியில்தான் என் பெயர் வரும். வடை சுட்டவள் ஆய்வாளர் ஆன கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். இதற்குள் இரண்டு தரம் எழும்பித் தேத்தண்ணி போட்டாயிற்று, ஒரு தரம் ஜன்னலால் தெருவைப் பார்த்தாயிற்று. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

லண்டனில் நான் பார்க்கிற வேலை ஊரில் ஒருவருக்கும் விளங்குவதில்லை. இங்கே பிள்ளைகள் கத்தியோடு திரியாமல் இருக்கச் சின்னச் சின்னச் சங்கங்கள் வேலைத்திட்டம் நடத்துகின்றன. குத்துச்சண்டைப் பயிற்சி, பாட்டு, சமையல், அறிவுரை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அவற்றால் பலன் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. "அப்ப நீ பொலிஸோ?" என்று தம்பி ஒருமுறை போனில் கேட்டான். "இல்லையடா, பொலிஸுக்கு முந்தின ஆள்" என்றேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

ஊரில் ஒரு திருவிழாவின் கடைசி நாளில் இரண்டு விளையாட்டுக் கழகத்துப் பெடியங்கள் வாளால் வெட்டிக்கொண்டார்கள். கடற்கரைப் பக்கக் கழகம் ஒன்று, வயல் பக்கக் கழகம் மற்றது. கரப்பந்து இறுதிப் போட்டியில் நடுவர் கையைத் தூக்கிய விதம் பிழை என்று தொடங்கியது அது. செய்தி லண்டனுக்கு வந்ததும் ஒன்றியம் அவசரமாகக் கூடி இளைஞர் வன்முறைத் தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மைதானத்துக்கு வெளிச்சம், பின்னேர வகுப்பு, ஒரு முழுநேர ஒருங்கிணைப்பாளர். அதற்குப் பிறகு ஊரில் வாள்வெட்டே இல்லை. இந்த வருடம் மூன்றாண்டு நிறைவு. "தங்கச்சி, நீர் லண்டன் முழுக்க மதிப்பிடுறீர், எங்கட ஊரை ஒருக்கா மதிப்பிட்டுத் தாருமன்" என்று தலைவர் கேட்டார். லீவுக்கு எப்படியும் போகத்தான் வேண்டியிருந்தது. ஏன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

2

எங்கள் மகன் கவினுக்குப் பதினைந்து வயது. கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு அவனுடைய புத்தகப் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார்கள். எங்கள் குசினிக் கத்திதான், மாம்பழம் வெட்டுகிறது. அவன் அதை யாருக்கும் காட்டவில்லை, வெளியே எடுக்கவும் இல்லை. பஸ் தரிப்பிடத்தில் அவன் கூட்டாளியின் போனை யாரோ பறித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பயத்தில் கொண்டு திரிந்திருக்கிறான்.

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். இவர், கவினின் அப்பா, காரை ஓட்டிக்கொண்டு வந்து பள்ளி வாசல் படலைக்கு எதிரே நிறுத்திவிட்டு, "நீர் போட்டு வாரும்" என்றார். "நீங்கள் வரேல்லையோ?" என்று கேட்டேன். "எனக்கு அவையின்ர இங்கிலீஸ் விளங்காது" என்றார். பதினெட்டு வருடமாக இந்த நாட்டில் வான் ஓட்டுகிற மனிதருக்கு இங்கிலீஸ் விளங்காதாம். வெட்கம் என்று சொல்ல வெட்கம். அவர் காருக்குள் இருந்தார், நான் உள்ளே போனேன்.

பள்ளிக்கூடத்தின் உதவி அதிபர் நல்ல பெண்மணி. குரலை உயர்த்தவே இல்லை. வேறொரு பள்ளிக்கூடத்தில் இவன் புதிதாகத் தொடங்குவது எல்லோருக்கும் நல்லதல்லவா என்று கேட்டார். முடிவு செப்டெம்பரில், பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை. இப்படியான பிள்ளைகளைப் பற்றி அலுவலகத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிற எனக்கு, "அவன் பயந்த பிள்ளை" என்று சொல்ல அன்றைக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழில்தான் சொன்னேன். அவர் அன்பாகத் தலையாட்டினார். கவின் பக்கத்தில் இருந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தபடியே இருந்தான்.

திரும்பி வரும்போது இவர் முடிவு எடுத்து முடித்திருந்தார். "அவனை ஊரில விடுவம். ஒரு வருசம், ரெண்டு வருசம். உம்மட தம்பி பாப்பான். ஊர் இப்ப அமைதி. ஒன்றியத்தில சொல்லுகினமெல்லோ." நான் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மகனைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஊரைத் தவிர ஓட வேறு இடம் எனக்குத் தெரியாது.

3

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் திரும்பியதும் வாடகை வானின் ஜன்னல் கண்ணாடியைக் கவின் இறக்கிவிட்டான். இரண்டு பக்கமும் முழங்கால் அளவு கடல். "அம்மா, இதில நடந்தே போகலாமா?" என்று கேட்டான். மாதக்கணக்காக அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அல்லைப்பிட்டி, வேலணை, புளியங்கூடல் என்று ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தான்.

தம்பி சிவா வேலணையில் இரும்புக் கடை வைத்திருக்கிறான். நல்லவன், எங்கள் தீவில் பேச்சைக் குறைத்துச் செயலைக் கூட்டுகிற சில ஆண்களில் ஒருவன். கவினுக்கு ஓர் அறை தயாராக இருந்தது. வெள்ளையடித்து, புதுக் கட்டில் போட்டு, நுளம்பு வலை கட்டி, ஒரு மேசையும் கதிரையும் வைத்து, லண்டன் பிள்ளைக்கு வெக்கை தாங்காது என்று காற்றாடி இரண்டு பூட்டியிருந்தான். ஒரு அறைக்குள் இரண்டு காற்றாடி! கவினிடம் அறை பற்றிச் சொல்ல வேண்டாம் என்று நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். தம்பி சொல்லவில்லை. ஆனால் அறை சொல்லிவிட்டது.

ஒரு கிழமைக்குள் கவின் மாறிப்போனான். காலையில் தானாக எழும்பினான். மாமாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து கடைக்குப் போனான். பின்னேரமானால் மைதானம். கரப்பந்தில் அவனுக்குச் "சேர்விஸ்" போடவே தெரியாது, இருந்தாலும் "லண்டன், லண்டன்" என்று கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு ஒருநாள் திரும்பிப் பார்த்தேன், என் பிள்ளை! இவருக்குப் போனில் சொன்னேன். "நான் சொன்னனானெல்லோ" என்றார். அந்தக் குரலில் இருந்த ஆறுதலைக் கேட்க எனக்கும் ஆறுதலாக இருந்தது. ஆனாலும் போனை வைத்த பிறகு முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தேன். ஏன் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

4

ஒருங்கிணைப்பாளர் நிமலனுக்கு இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கலாம். பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவரை ஒன்றியம் பிடித்துக்கொண்டது. வந்ததும் அவர் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார். இரண்டு கழகத்துப் பிள்ளைகளையும் கலந்து அணி பிரித்திருக்கிறார். கடற்கரைப் பிள்ளை அடிக்க வேண்டுமென்றால் வயல் பக்கப் பிள்ளை பந்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் வேண்டுமென்றே பந்தை விழ விட்டார்களாம். இப்போது விழுவதில்லை. இரண்டு பக்கத்துத் தாய்மாரும் மைதானக் கரையில் ஒன்றாக இருந்து கதைக்கிறார்கள். இதையெல்லாம் நான் என் கண்ணால் கண்டேன், மனம் நிறைந்து எழுதியும் வைத்தேன்.

ஆனால் ஒரு வேலைத்திட்டத்தை மதிப்பிடுகிறவர் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. எந்தப் பிள்ளைகளுக்காகத் திட்டம் தொடங்கியதோ, அந்தப் பிள்ளைகளோடு பேச வேண்டும். மைதானத்தில் நின்றவர்கள் எல்லாரும் சின்னவர்கள். சண்டை நடந்த காலத்தில் அரைக் காற்சட்டையோடு வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

"நிமலன், அண்டைக்கு வெட்டுப்பட்ட பெடியங்களையும் வெட்டினவையையும் நான் சந்திக்கோணும். ரெண்டு மூண்டு பேர் போதும்" என்றேன்.

"ஓம் அக்கா, கதைக்கலாம். சிக்னல் நல்லாய் வாற இடத்தில இருப்பம்" என்றார்.

அவர்களை வரச் சொல்லிக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, வீடியோ அழைப்பை எடுத்தார்.

முதலாவது பெடியன் பிரான்சில் ஓர் உணவகக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். வெட்டியவர்களில் அவன் ஒருவன். கண் கலங்கியிருந்தது வெங்காயத்தாலா வேறெதனாலா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவனோடு சேர்ந்து வெட்டிய இரண்டாமவன் கட்டாரில். இரவு வேலை முடித்துத் தூங்கி அப்போதுதான் எழும்பியிருந்தான். அவனுக்குப் பின்னால் தட்டுத் தட்டாகக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கால் தெரிந்தது. மூன்றாமவன் ஜெனா. தோளில் வெட்டு வாங்கியவன் அவன்தான். திரையில் அவன் முகம் தெளிவதற்கு முதல் பின்னாலிருந்த கடைப் பலகையைக் கண்டேன். கோழிப்பொரியல் கடை. வேலை முடிந்து வரும்போது கவினுக்கு நான் வாங்கிக் கொடுக்கிற அதே கடை.

"நீர் லண்டனில எங்க நிக்கிறீர்?" என்று கேட்டேன்.

"உங்கட பக்கந்தான் அக்கா. நீங்கள் ஏறுற பஸ் ஸ்டாண்டிலதான் நானும் ஏறுறனான். உங்களைக் கண்டிருக்கிறன். கதைக்கக் கூச்சமா இருந்தது."

ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, என் வீட்டுத் தெருமுனையில் நிற்கிற பிள்ளையைப் பேட்டி காண்கிறேன்!

எழுதி வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "இந்தத் திட்டத்தால உமக்கு என்ன மாறினது?"

"நான் அதில விளையாடவே இல்லையே அக்கா. லைட் போட முதலே என்னைப் பிளேன் ஏத்திப்போட்டினம்."

"அங்க பயமில்லையோ?"

அவன் தெருவைத் திரும்பிப் பார்த்தான். ஒரு பஸ் வந்து போனது. "ஊரில என்னை வெட்டினவன் ஆரெண்டு எனக்குத் தெரியும். அவன்ர அம்மாவையும் தெரியும். அவ ஆஸ்பத்திரிக்கு வந்து என்ர காலைப் பிடிச்சு அழுதவ. இஞ்ச எனக்கு ஆரையும் தெரியாது அக்கா, என்னையும் ஆருக்கும் தெரியாது. வேலை முடிஞ்சு வரேக்க கையைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டுதான் நடக்கிறனான்."

பொக்கற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. மைதானத்தில் கவின் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இலக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனையே பார்த்தேன்.

அழைப்பு முடிந்ததும் நிமலன் போனைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தார். "இருக்கிறவையைத்தானே அக்கா நான் பாக்க ஏலும்" என்றார். அவரில் ஒரு பிழையும் இல்லை. பெரிய பெடியங்களில் சண்டைக்கு நின்ற ஒருவரும் தீவில் இல்லை. தாய்மார் நகையை விற்று, காணியை ஈடு வைத்து ஒவ்வொருவராக ஏற்றிவிட்டிருந்தார்கள். ஒன்றியம் மேடையில் சொல்கிற அமைதியில் பாதி நிமலனுடையது. மற்றப் பாதி விமான நிலையத்துடையது.

5

அன்றைக்குத் தம்பியின் கடை வாசலில் இருந்து இதைச் சொன்னேன். ஆணி நிறுத்துக்கொண்டே கேட்டான்.

"இதில என்ன அக்கா புதுசு? அப்பாவையும் அப்பிடித்தானே கடைக்கு விட்டவை."

எங்கள் தீவுக் குடும்பங்களின் பழைய வழி அது. தென்னிலங்கைப் பட்டினங்களில் எங்கள் ஆட்களுக்குக் கடைகள் இருந்தன. ஒரு பெடியன் கை நீட்டத் தொடங்கினால், அடுத்த கிழமையே அவனை ஒரு கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா பதினாறு வயதில் தேர்வடத்தில் பிடித்த இடத்துக்காக ஒருவரின் பல்லை உடைத்தவர். உடனே ஏற்றிவிட்டார்கள்.

"திருந்தித்தானே வந்தவர்" என்றான் தம்பி.

"வந்தவரோ? எப்ப வந்தவர்? தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வந்தவர்."

தம்பி தராசிலிருந்து கையை எடுத்தான். அப்பா எங்களுக்கு விருந்தாளி. வரும்போது பிஸ்கட் தகரம் கொண்டு வருவார், அம்மா அவருக்குப் புதுப் பாய் விரிப்பார். வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, உப்பு வேண்டுமென்றாலும் எங்களைத்தான் கேட்பார். என் பள்ளிக்கூடப் படலைக்குள் அவர் ஒருநாளும் வந்ததில்லை. நல்ல மனிதர், யாரையும் அதற்குப் பிறகு அடித்ததில்லை. ஆனால் பதினாறு வயதில் ஏற்றிவிடப்பட்ட அந்தப் பெடியன் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. அதை நினைக்க எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்றுதான் தெரியவில்லை.

"அவனை விட்டிட்டுப் போக மனமில்லையோ அக்கா?" என்று தம்பி கேட்டான்.

"தெரியேல்லையடா."

"அவன் இஞ்ச சந்தோசமா இருக்கிறான்."

"அதுதானடா எனக்குப் பிரச்சினை."

6

கவினை விட்டுவிட்டு வருவதற்கு முன் நயினாதீவு அம்மனிடம் கூட்டிப் போய் நூல் கட்ட வேண்டும் என்பது இவருடைய கட்டளை. மடத்துவெளியால் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகு ஏறினோம். பூசை முடிந்து, நூலும் கட்டி, திரும்பும் படகுக்காக இறங்குதுறையில் வெய்யிலுக்குள் நின்றோம். கவின் கையில் கட்டிய நூலைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"அம்மா, அந்த ரூம் எனக்குத்தானே?"

பொய் சொல்ல வரவில்லை. "ஓம்" என்றேன்.

"நான் இங்க நிண்டா, லண்டனில என்னைப் பற்றி என்ன எழுதுவீங்க?"

"ஆர் எழுதுறது?"

"நீங்க. உங்கட ஒபிஸில. என்னை மாதிரி ஆக்களைப் பற்றித்தானே எழுதுறீங்க."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. திட்டத்தின் நடுவில் ஒரு பிள்ளை வேறு இடத்துக்குப் போய்விட்டால் அவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். அவன் என்ன ஆனான் என்று யாரும் தேடுவதில்லை. அதைச் சொன்னேன்.

"அப்ப நான் இல்லாட்டி எல்லாம் நல்லா நடந்த மாதிரி" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். அவனுக்குத் தமிழில் நீளமாகப் பேசுவது கஷ்டம், ஒவ்வொரு சொல்லாகத் தேடினான். "எனக்கு இங்க பிடிச்சிருக்கு அம்மா. உண்மையா. ஆனா நீங்க என்னை விட்டிட்டுப் போனா, அது எனக்குப் பிடிச்சதுக்காக இல்லை எண்டு எனக்குத் தெரியும். எப்பவும் தெரியும்."

படகு வந்துகொண்டிருந்தது. சனம் முண்டியடிக்கத் தொடங்கியது.

"அந்த மிஸ்ஸிட்ட நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றான். "நீங்க தமிழில கதைச்சீங்க, அப்பா காருக்குள்ள. நான் போய்ச் சொல்லோணும்."

என் பிள்ளையை அந்த இடத்திலேயே கட்டிப் பிடித்தேன். பின்னால் நின்ற ஒரு அம்மா, "பிள்ளை, ஏறுங்கோ, ஏறின பிறகு கொஞ்சலாம்" என்று முதுகில் தள்ளினார்.

கவினைத் திரும்பக் கூட்டிப் போகிறேன் என்றதும் தம்பி முகம் வாடித்தான் போனான். "கட்டிலும் வாங்கிப்போட்டன்" என்றான். "அடுத்த லீவுக்கு அவன் அதிலதான் படுப்பான், மடிச்சு வைக்காதை" என்றேன். இவருக்குப் போனில் சொன்னேன். பிறகு தொடர்பு அறுந்தது. அவர்தான் அறுத்தார்.

7

இவர் விமான நிலையத்துக்கு வந்தார். என்னிடம் "சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார். கவினின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

அறிக்கையைத் தலைவருக்கு அனுப்பினேன். கலந்து விளையாடுகிற அணிகள், ஒன்றாக இருக்கிற தாய்மார், இவை உண்மையான பலன் என்று எழுதினேன். கடைசிப் பக்கத்தில், வாள்வெட்டு நின்றதற்குப் பாதிக் காரணம் வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவர்களும் ஊரில் இல்லாததுதான் என்றும், அவர்களில் சிலர் எங்கள் தெருக்களில் தனியே திரிகிறார்கள் என்றும், அவர்களுக்கு ஒன்றியம் ஒரு கதிரைகூடப் போடவில்லை என்றும் எழுதினேன்.

தலைவர் கூப்பிட்டார். "தங்கச்சி, நல்லாய் எழுதியிருக்கிறீர். அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் விடுவமே? விழாவில சனம் சந்தோசமா இருக்க வாறது."

"அண்ணை, அந்தப் பக்கம் விழாவுக்கு வருது. ஜெனா எண்டு பேர். நான் வரச் சொல்லிப்போட்டன்" என்றேன்.

அவர் இருமினார். நாளைக்கு விழா. என்ன நடக்கும் என்று தெரியவில்லை. மறுபடி வடைப் பகுதிக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. காலையில் மூன்று பேரும் காரில் போனோம். இவர் அதே இடத்தில், படலைக்கு எதிரே நிறுத்தினார். இயந்திரத்தை நிறுத்தவில்லை. நான் கதவைத் திறந்தேன். பின்னால் இருந்த கவின் இறங்கவில்லை.

"அப்பா, நீங்களும் உள்ள வாங்கோ" என்றான்.

இவர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். நான் கதவைப் பிடித்தபடி இருந்தேன். பின்னால் வந்த கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். இவர் காரை ஓரமாக விட்டு, இயந்திரத்தை நிறுத்தி, திறப்பை உருவிக்கொண்டு இறங்கினார். தலையைக் கையால் வாரிக்கொண்டார்.

அறையில் எங்கள் பக்கம் இரண்டு கதிரைதான் போட்டிருந்தார்கள். இவர் மூலையிலிருந்து மூன்றாவதை இழுத்து வந்து கவினுக்கு மற்றப் பக்கம் போட்டு உட்கார்ந்தார். கவின் பேசினான். நிற்காமல் பேசினான். பஸ் தரிப்பிடம், பயம், கத்தி, யாரையும் குத்த நினைக்காதது, எல்லாம். உதவி அதிபர் கேட்டு முடித்துவிட்டு, புதிய இடத்தில் புதிய தொடக்கம் பற்றி மெதுவாக மறுபடி ஆரம்பித்தார்.

இவர் என் பக்கம் திரும்பினார். தமிழில்தான் சொன்னார்.

"என்ர பிள்ளையை நான் ஒரு இடமும் அனுப்பேல்லை எண்டு சொல்லும். இஞ்சயே வைச்சு என்ன செய்யோணுமோ அதைச் சொல்லச் சொல்லும். நாங்கள் ஒவ்வொரு கிழமையும் வருவம். மூண்டு பேரும் வருவம்."

எனக்கு இந்த முறை ஆங்கிலம் வந்தது.